ரெண்டு விசிலுக்கு முன்னால்

புதுசாக வரும் கண்டக்டர் தம்பிகளோடு ஒரு ட்ரிப் போனால் போதும், இருபது வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்துவிடலாம். சில்லறைக் கணக்கு இடிப்பதெல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு. பள்ளிக்கூடத்தில் நிலைமம் என்று படித்திருப்பீர்கள்: நிற்பது நிற்கவே பார்க்கும், ஓடுவது ஓடவே பார்க்கும். டவுன் பஸ்ஸில் அதைத் தினமும் உடம்பால் படிக்கிறோம். அதை மறந்து புதுசாக வரும் தம்பிகள் செய்கிற தவறுகள்தான் கீழே இருப்பவை.

காலைச் சேர்த்து நிற்பது

டிக்கெட் கிழிக்க ரெண்டு கையும் வேண்டும். அதனால் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இடுப்பு சீட்டுக் கம்பியில். பழகிக்கொள்ளுங்கள்.

அவசர விசில்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஏனென்றால் நானே செய்தேன்.

மார்க்கெட் ஸ்டாப்பில் ஒரு பாட்டி தக்காளிக் கூடையோடு ஏறினார். ஏறியாயிற்று என்று நினைத்து ரெண்டு விசில் கொடுத்துவிட்டேன். வண்டி எகிறியது. பாட்டியின் பாதம் பஸ் தரையோடு முன்னால் போய்விட்டது, மேல் உடம்பு அது இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மல்லாந்து விழுந்தார். தக்காளியெல்லாம் பின்பக்கம் உருண்டது. அலறல் கேட்டு டிரைவர் பிரேக் போட, அதே தக்காளி டிரைவர் சீட் வரை உருண்டு வந்தது. "யாருய்யா தள்ளிவிட்டது?" என்றுதான் பாட்டி கேட்டார். யாரும் தள்ளவில்லை. காலுக்குக் கீழே இருந்த தரையை நான் உருவிவிட்டேன், அவ்வளவுதான். மணிக்கட்டில் எலும்பு முறிவு. வைத்தியச் செலவில் என் பாதிச் சம்பளம் போனது.

போன மாதம் ஒரு தம்பி அதே மாதிரி விசில் அடித்தான். கேட்டால், "அவங்க கம்பியப் பிடிச்சிருக்கணும்ணே" என்கிறான். ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் டிக்கெட் காசு. எதைக் கொண்டு பிடிப்பது?

வேகம் யாரையும் தள்ளாது. அறுபதில் சீராகப் போகும் வண்டியில் நின்றுகொண்டே தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேகம் சட்டென்று மாறுவதுதான் ஆளைத் தள்ளும். நாற்பதில் போகும் வண்டி ரெண்டு செகண்டில் நின்றால், அறுபது கிலோ ஆள் தன்னை நிறுத்திக்கொள்ள முப்பது கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். பாட்டிக்கு ஏது அந்தப் பலம்?

அதனால் விசில் வாயில் இருக்கட்டும், கண் கையில் இருக்கட்டும். உங்கள் கையில் இல்லை, ஏறியவர் கையில். அது கம்பியைத் தொட்ட பிறகு ஊதுங்கள். மூணு செகண்ட் ஆகும். டைமிங் பற்றி டிரைவர் கத்தினால் கத்தட்டும்.

வளைவில் டிக்கெட் கிழிப்பது

வண்டி திரும்பும், நீங்கள் நேராகப் போவீர்கள். யார் மடியிலாவது.

ஓடும்போது இறங்குவது

கால் ரோட்டில் நின்றுவிடும், தலை பஸ்ஸோடு போகும். வேண்டாம்.

டிரைவர் பக்கத்தில் தண்ணீர் பாட்டில்

படுக்கப் போடாதீர்கள். பிரேக் போடும் நேரத்தில்தான் அது உருண்டு பெடலுக்கு அடியில் போகும்.