வெள்ளம் வருமுன்: முயல், ஹாம்ஸ்டர், ஆமையோடு கிளம்புவது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களில் படகில்தான் ஆட்களை மீட்டார்கள். படகில் நாயைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியோடு ஏற முடியுமா? சின்னப் பிராணி வளர்ப்பவர்கள் படகு வரும்வரை காத்திருக்கவே கூடாது. பருவமழை தொடங்கும் முன்பே இதையெல்லாம் செய்து வையுங்கள்.

1. போகும் இடம்

நிவாரண முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடமோ சமூக நலக்கூடமோதான். பிராணிகளுக்கும் இடம் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். மேட்டுப் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இப்போதே பேசிவையுங்கள். பாம்பு வளர்த்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வாசலில் போய் நின்று சொல்கிற சமாச்சாரமா அது?

2. ஆளுக்கொரு பெட்டி

எலி மாதிரி இருக்கும் ஹாம்ஸ்டருக்கு அட்டைப்பெட்டி ஆகாது, கடித்து ஓட்டை போட்டுவிடும். கிளிப் வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்கி, காய்ச்சிய கம்பியால் பக்கங்களிலும் மூடியிலும் துளை போடுங்கள். கம்பியை உள்ளேயிருந்து வெளியே குத்த வேண்டும். அப்போதுதான் பிசிறு வெளிப்பக்கம் நிற்கும், பல்லுக்குப் பிடி கிடைக்காது. துளையில் உங்கள் சுண்டுவிரல் நுழையக் கூடாது.

முயலுக்குக் கெட்டியான கூடை, அடியில் கால் வழுக்காமலிருக்க ஒரு துண்டு. தூக்கும்போது பின்னங்காலைத் தாங்கிப் பிடியுங்கள். துள்ளி உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் பிராணி அது.

கடைகளில் கிடைக்கும் சிவப்புக் காது ஆமையைத் தண்ணீரோடு கொண்டுபோகாதீர்கள். வண்டி குலுங்கினால் புரண்டு தவிக்கும். ஈரத்துண்டு விரித்த டப்பா போதும், சில மணி நேரம் தாங்கும்.

‘பால் பைதான்’ (ball python) என்ற மலைப்பாம்பு வளர்த்தால், அதற்குத் தலையணை உறை. தையல் பிரிந்திருக்கிறதா பார்த்து, வாயை முடிந்து, அதைப் பெட்டிக்குள் வையுங்கள். இரை விழுங்கிய கையோடு தூக்கினால் கக்கிவிடும். புயல் செய்தி வந்துவிட்டால் இரையைத் தள்ளிப்போடுங்கள்.

3. கூடவே ஒரு பை

ஆமையும் பாம்பும் சில நாள் பட்டினி கிடக்கும். முயலும் கினி பிக்கும் அப்படியல்ல. அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் இயக்கம் நிற்க ஆரம்பித்துவிடும். அதனால் காய்ந்த புல்லைப் பையில் மட்டுமல்ல, பெட்டிக்குள்ளேயும் போடுங்கள். கினி பிக்குக்கு வைட்டமின் சி உடம்பில் தானாகச் சுரக்காது. ஒரு குடைமிளகாயோ கொய்யாவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மருந்து, குடிதண்ணீர், பழைய செய்தித்தாள். பால் பைதான் பாம்போ இகுவானா என்ற பெரிய பல்லியோ வைத்திருந்தால், ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்த சான்றின் நகலும் வேண்டும். (நட்சத்திர ஆமையும் பச்சைக்கிளியும் வீட்டில் வளர்க்கவே சட்டத்தில் இடமில்லை.)

4. ஒத்திகை

பெட்டியைத் திறந்தபடி கூண்டுக்குப் பக்கத்தில் போட்டு, தீனியை அதற்குள்ளேயே வையுங்கள். முயல் தானாகவே போய் உட்காரப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

5. கிளம்பும் நேரம்

ரெட் அலர்ட் அறிவித்ததும் கிளம்பிவிடுங்கள். அடையாற்றங்கரையில் இருப்பவர்கள் செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பு அறிவிப்பையும் கவனிக்க வேண்டும். தெருவில் ஆட்டோ ஓடும்போதே போய்ச் சேர்வதுதான் முக்கியம். மாட்டிக்கொண்டால் மாநில உதவி எண் 1070, மாவட்ட எண் 1077. எந்த நெருக்கடியிலும் ஆமையை ஏரியில் விடாதீர்கள். அது நம் ஊர் இனம் இல்லை, இங்குள்ள ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டுப் பூனை, நாய் வராத அறையாகக் கேட்டு வாங்குங்கள். ஆமையைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதன் டப்பாவை அடுப்படித் தொட்டியில் மட்டும் அலசிவிடாதீர்கள்.