வந்து வந்து போகும் ஐஏடி சென்சார் கோளாறைப் பிடிப்பது எப்படி

செக் எஞ்சின் லைட் இன்று எரியும், நாளை அணைந்திருக்கும். ஸ்கேனரில் பி0113 என்ற கோளாறுக் கோடு (code) காட்டும். சென்சாரைக் கழற்றி ஓம் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். புதுசு மாட்டிய இரண்டாம் வாரம் லைட் திரும்ப எரியும். இன்டேக் காற்றின் வெப்பத்தை அளக்கும் ஐஏடி சென்சாரில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம், கோளாறு இல்லாத நேரத்தில் கோளாறைத் தேடுவதுதான். விட்டு விட்டு வரும் கோளாறில் முதலில் கவனிக்க வேண்டியது ரீடிங் எந்தப் பக்கம் தாவுகிறது, எப்போது தாவுகிறது என்பதை. பார்ட்ஸ் வாங்குவதெல்லாம் அதற்கப்புறம்.

இந்த சென்சார் ஒரு சின்ன தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற மின்தடை குறையும். பரவலாகப் புழங்கும் பாஷ் வகையில் 0 டிகிரியில் சுமார் 5,900 ஓம், 20 டிகிரியில் 2,500, 40-இல் 1,175, 60-இல் 600, 80-இல் 320 ஓம். மற்ற தயாரிப்புகளின் அளவுகள் வேறுபடும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதே கணக்கு. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சார் முனையில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. வயர் அறுந்தால் வோல்ட் 5-ஐத் தொடும், ரீடிங் மைனஸ் 40-க்குப் போகும். சிக்னல் வயர் எர்த்தில் பட்டால் வோல்ட் பூஜ்யம், ரீடிங் 120 டிகிரிக்கு மேல்.

மைனஸ் 40 பக்கம் தாவினால் பி0113: அறுந்த வயர், கனெக்டருக்குள் தளர்ந்த பின் (pin), பச்சை பூத்த கனெக்டர். சூட்டுப் பக்கம் தாவினால் பி0112: இன்சுலேஷன் உரசித் தேய்ந்த வயர், கனெக்டருக்குள் தண்ணீர். பி0114 என்றால் சிக்னல் விட்டு விட்டு வருவதை இசியூவே பார்த்துவிட்டது. பி0111 வேறு வகை. சென்சாரில் எண்ணெய்ப் படலம் ஒட்டி மெதுவாகப் பதில் சொன்னாலும் அது வரும். கோடே பதியாமலும் போகலாம். பல இசியூக்கள் கோளாறு சில விநாடிகள் தொடர்ந்து நின்றால்தான் கோடு போடும். அரை விநாடித் துண்டிப்பு கணக்கில் வராது.

காலையில் பொய்யா, மதியத்தில் பொய்யா?

முழுசாக அறுபடாமல் அரைகுறையாகக் கெட்ட இணைப்பைப் பிடிக்க, ரீடிங் குளிரில் தப்பாகிறதா சூட்டில் தப்பாகிறதா என்பதைவிட நல்ல துப்பு கிடையாது. துருப்பிடித்த கனெக்டர் பின் ஒன்று 500 ஓம் கூடுதலாகச் சேர்க்கிறது என்று வையுங்கள். காற்று 20 டிகிரியில் இருக்கும்போது 2,500 ஓம் 3,000 ஆகும். ரீடிங் 15 டிகிரி அளவில் காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. அதே 500 ஓம் 80 டிகிரியில் 320-உடன் சேர்ந்து 820 ஆகும்போது இசியூ 50 டிகிரி என்று நினைத்துக்கொள்ளும். முப்பது டிகிரி பொய்! ஈரக் கசிவு இதற்கு நேர் எதிர். பின்களுக்கு இடையே 10,000 ஓம் கசிவு இருந்தால் 0 டிகிரியில் ரீடிங் 10 டிகிரி வாக்கில் காட்டும். 80 டிகிரியில் அந்தக் கசிவு இருப்பதே தெரியாது. ஆக, எஞ்சின் சூடானபின் ரீடிங் தாழ்ந்தால் இணைப்பைப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது ரீடிங் கூடினால் ஈரத்தைத் தேடுங்கள்.

சோதனை

கோளாறுக் கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் டேட்டாவைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்தபோது வண்டியின் வேகம், கூலன்ட் சூடு, எஞ்சின் லோடு எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஐஏடி ரீடிங்கையும் கூலன்ட் ரீடிங்கையும் ஒப்பிடுங்கள். இரண்டும் 3 முதல் 5 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஓடிவிட்டு நின்ற வண்டியில் ஐஏடி 60 டிகிரிக்கு மேல் ஏறினால் பதற வேண்டாம். போனட்டுக்குள் தேங்கிய சூடு அது. வண்டி நகர்ந்தால் இறங்கிவிடும்.

அடுத்து ஆட்டிப் பார்ப்பது. ஸ்கேனரில் ஐஏடி, கூலன்ட் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து கிராஃபில் போடுங்கள். பத்து அளவுகளைச் சேர்த்தால் திரை மெதுவாகப் புதுப்பிக்கும், தாவல் கண்ணுக்குத் தப்பிவிடும். சென்சாரிலிருந்து இசியூ பக்கமாக ஹார்னஸை (வயர் கட்டை) ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து வளைத்து, இழுத்து, முறுக்குங்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குத் தாவும் வளைவிலும், கிளிப் பிடிக்கும் இடத்திலும், பேட்டரி தட்டுக்கு அடியிலும் நிதானமாக நில்லுங்கள். எஞ்சினின் ஆட்டம் முழுவதையும் வாங்கும் வளைவில் வெளித்தோல் பளபளப்பாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒன்றிரண்டு தவிர மற்றதெல்லாம் அறுந்திருக்கும். அந்த இடத்தை மெல்ல இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும்; நல்ல வயர் நீளாது.

ஆட்டியும் அசையவில்லை என்றால், சென்சார் மேல் ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். நெருப்புப் பக்கம் போக வேண்டாம், பிளாஸ்டிக் உருகும். ரீடிங் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், நிறுத்தியதும் அதேபோல் இறங்க வேண்டும். நடுவில் படி விழுந்தாலோ மைனஸ் 40-க்கு ஒரு முறை பாய்ந்தாலோ உள்ளே விரிசல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில இசியூக்கள் கோளாறைக் கண்டதும் ஒரு மாற்று வெப்ப அளவை வைத்துக்கொண்டு அதையே ஸ்கேனருக்கும் அனுப்பும். ரீடிங் அசையாமல் ஒரே எண்ணில் நின்றால் திரையை நம்பாமல், மெல்லிய ஊசியைக் கனெக்டரின் பின்பக்கமாகச் செருகி மல்டிமீட்டரில் சிக்னல் வோல்ட்டைப் பாருங்கள். மீட்டர் முனையைக் கனெக்டரின் முன்பக்க ஓட்டைக்குள் திணிக்கக் கூடாது. பின் விரிந்துபோகும், இல்லாத கோளாறு ஒன்று புதிதாக வந்து சேரும்.

சென்சாரா, வயரிங்கா?

இரண்டு வயர் சென்சாரில் இது எளிது. கனெக்டரைக் கழற்றினால் மைனஸ் 40 காட்ட வேண்டும். ஹார்னஸ் பக்க இரண்டு பின்களையும் சிறு வயரால் இணைத்தால் உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் அந்த நிமிடத்தில் வயரிங்கும் இசியூவும் சரி. விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அந்த ஒரு நிமிடம் போதாது. கால் வாட் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஹார்னஸ் பக்கக் கனெக்டரில் செருகி, டேப் சுற்றி, கோளாறு வழக்கமாக வரும் சூழலில் வண்டியை ஓட்டுங்கள். பாஷ் வகையில் 23 டிகிரி வாக்கில் காட்டும். எண் முக்கியமில்லை, அசையாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. தாவினால் வயரிங். தாவாவிட்டால் சென்சார், அல்லது சென்சாரும் கனெக்டரும் சேரும் பின். ரெசிஸ்டர் மாட்டியிருக்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து ஓட்ட வேண்டாம், காற்று எவ்வளவு சூடானாலும் எஞ்சினுக்குத் தெரியாது.

ஐஏடி, உள்ளே வரும் காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சாருக்குள் இருந்தாலோ மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோடு சேர்ந்திருந்தாலோ பின்களை ஊகித்து இணைக்காதீர்கள். பக்கத்துப் பின்னில் 5 வோல்ட் சப்ளை இருக்கும், மாஃபில் 12 வோல்ட்டும் இருக்கலாம். வயரிங் டயகிராம் இல்லாமல் அங்கே கை வைப்பது இசியூவுக்கு ஆபத்து.

கூலன்ட் ரீடிங்கும் ஐஏடியும் ஒரே நேரத்தில் சேர்ந்து தாவினால் பொதுவான எர்த் வயரைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, சென்சார் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் சில பத்து மில்லிவோல்ட்தான் இருக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் அந்த எர்த்தைத் தொடர்ந்து தேடுங்கள்.

சரிசெய்வது

அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றைக் கனெக்டரின் பெண் பின்னில் செருகி இழுத்தால் லேசான பிடி தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் பின்னை மாற்றுங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில வாரம்தான் தாங்கும். வயரில் பச்சை ஏறியிருந்தால் செம்பு பளிச்சென்று தெரியும் வரை பின்னோக்கி வெட்டி, புதுத் துண்டு சேர்த்து கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். இணைப்பு வளைவில் விழாதபடி தள்ளி வையுங்கள். கனெக்டரின் ரப்பர் சீல் கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்கே தண்ணீர் உள்ளே வரும்.

சென்சாரே கெட்டிருந்து புதுசு வாங்கினால், மாட்டும் முன் அறைச் சூட்டில் ஓம் பார்த்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். அச்சாகப் பொருந்தும் கனெக்டரோடு வேறு அளவுகள் கொண்ட சென்சார் கிடைப்பதும் உண்டு. கோடை அழித்தபின், ஃப்ரீஸ் ஃப்ரேமில் குறித்து வைத்த அதே வேகம், அதே லோடு, அதே சூட்டில் கிராஃபைப் பதிவு செய்தபடி ஓட்டிப் பாருங்கள்.