நிறம் மங்கினால் தண்ணீர் ஊற்றாதீர்கள்

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா இலை அழகுக்காக வீட்டுக்குள் வளர்க்கும் தன் சிவப்பு அக்லோனிமா செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இலைகள் வெளிறி, அடியில் இருந்தவை மஞ்சளாகி, தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. "தினமும் தவறாம தண்ணி ஊத்தினேனே" என்றார். பத்து வருடத்துக்கு முன் நான் சொன்னதும் இதேதான். வண்ண இலைச் செடிகளில் நாம் செய்யும் தவறுகள் இவை.

மங்கிய நிறத்தைத் தாகம் என்று நினைப்பது

என் முதல் அக்லோனிமாவை 400 ரூபாய்க்கு வாங்கி, ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். ஜன்னல் பத்தடி தள்ளி. இரண்டு மாதத்தில் புது இலைகள் சிவப்பே இல்லாமல் பச்சையாக வந்தன. சத்துக் குறைவு என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன், டிஏபி உரமும் போட்டேன். அப்புறம் ஒரு நாள் தொட்டியிலிருந்து நாற்றம் வந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, தோல் கையோடு உரிந்தது.

இலையின் சிவப்பு, வெள்ளைப் பகுதிகளில் பச்சையம் குறைவு. வெளிச்சம் போதாதபோது செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும், நிறம் மறையும். அதே இருட்டில் அது தண்ணீர் குடிப்பதும் குறையும். ஊற்றியது மண்ணிலேயே தேங்கி, வேருக்குக் காற்று இல்லாமல் அழுகும். அழுகிய வேர் உறிஞ்சாது, இலை தொங்கும். வாடுகிறதே என்று இன்னொரு சொம்பு ஊற்றுவோம். ஜன்னல் ஓரம் நகர்த்தியிருந்தாலே பிழைத்திருக்கும் செடி அது. இன்றும் எனக்கு ஆறவில்லை.

நேர் வெயில் படாத, நல்ல வெளிச்சமான ஜன்னல் ஓரம் போதும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். அழுகிவிட்டதா? அழுகல் ஏறாத தண்டை வெட்டித் தண்ணீரில் வையுங்கள், சில வாரங்களில் வேர் விடும். அக்காவின் செடியில் அப்படி இரண்டு துண்டு தேறியது.

நர்சரி மண்ணோடு அப்படியே வைப்பது

சில செடிகள் கெட்டியான களிமண் உருண்டையோடு வரும். மேலே காய்ந்திருக்கும், நடுவில் சொதசொதவென்று ஈரம் நிற்கும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறாமல் மண்ணைக் கரைத்துவிட்டு, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த மண்ணில் நடுங்கள்.

குரோட்டன்ஸை அடிக்கடி இடம் மாற்றுவது

இலையைக் கொட்டிவிடும். ஒரே இடத்தில் விடுங்கள்.

வெள்ளை கலந்த மணி பிளான்ட்டில் முழுப்பச்சைக் கிளையை விட்டுவைப்பது

வெட்டிவிடுங்கள். அது வேகமாக வளர்ந்து, வெள்ளை கலந்த கிளைகளை அமுக்கிவிடும்.

ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி

வேண்டாம்.