ராயபுரத்திலிருந்து பிரிட்டன் பல்கலைக்கு: கையேட்டில் இல்லாத வழக்கங்கள்

ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கமிருந்து எம்.எஸ்சி. படிக்கப் பிரிட்டன் வருபவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி. விசா, லோன் பற்றி ஏஜென்ட் சொல்லிவிடுவார். வகுப்பில் எப்படி இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. அது உங்களுக்கே தெரியும் என்று பல்கலைக்கழகம் நினைத்துக்கொள்கிறது.

62 மார்க் வந்தால் பதற வேண்டாம். பாஸ் 50, மெரிட் 60, டிஸ்டிங்ஷன் 70. எண்பதைத் தாண்டுவதே அபூர்வம். அரியர் மட்டும் ஊர்க் கணக்கு இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு மறுவாய்ப்புதான், அதிலும் 50க்கு மேல் போட மாட்டார்கள்.

ஆசிரியருக்கு எழுதும் முதல் மெயிலில் 'டாக்டர்' போட்டுக் குடும்பப் பெயரை எழுதுங்கள். பதிலில் அவர் எந்தப் பெயரில் கையெழுத்திடுகிறாரோ, அடுத்த மெயிலிலிருந்து அதுவே போதும். வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் 'ஆபீஸ் அவர்ஸ்' ஒதுக்கியிருப்பார். தப்பு செய்தவனை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிடுகிற சமாச்சாரம் இல்லை இது, உங்களுக்கான நேரம். "புரியலை" என்று வெறுங்கையோடு போகாமல், எழுதிய ஒரு பத்தியும் இரண்டு கேள்விகளும் கொண்டுபோங்கள்.

செமினாரில், அதாவது சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்பில், வாய் திறக்காமல் இருந்தால் மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், படிக்காமல் வந்திருக்கிறார் என்பார்கள். காசிமேடு மீன் ஏலத்தில் குரல் கொடுக்காதவர் கூடை காலியாகத்தான் திரும்பும். நீளமான புத்தகப் பட்டியலில் 'எசென்ஷியல்' என்று குறித்ததை மட்டும் முதலில் படித்து, ஒரு கேள்வியாவது எழுதி வைத்துக்கொண்டு, முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போகத் தயக்கம்தான் கூடும்.

அதிகம் பேர் மாட்டுவது அசைன்மென்ட்டில். ஊரில் கைடு வரியை அப்படியே எழுதினால் மார்க். இங்கே மேற்கோள் குறியும் மூலமும் இல்லாமல் எழுதினால் விசாரணை. இரண்டு வார்த்தையை மாற்றிப் போட்டாலும் அதே கதைதான். காப்பியடித்ததைத் தேடும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது: நூற்பட்டியலால் 25 வந்தால் பிரச்சினையில்லை, ஒரே பத்தி ஒரே இடத்திலிருந்து வந்தால் 8 கூட ஆபத்து. ரூம்மேட் கேட்டாரே என்று உங்கள் ஃபைலைக் கொடுத்தால், கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. வாட்ஸ்அப்பில் அசைன்மென்ட் எழுதித்தருகிறேன் என்பவர்களை பிளாக் செய்யுங்கள். இங்கிலாந்தில் 2022 சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம். காசு வாங்கிய பிறகு பல்கலைக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுபவர்களும் உண்டு.

காய்ச்சலோ ஊரில் சாவோ, அசைன்மென்ட் கெடு முடிவதற்கு முன்பே சலுகைப் படிவம் கொடுக்க வேண்டும், சான்றோடு. வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்வதா என்று பேசாமல் இருந்தால் மார்க் குறையும். டாக்டர் சீட்டு தேவைப்படும் என்பதால் வந்த வாரமே ஜி.பி.யிடம் (உள்ளூர்ப் பொது மருத்துவர்) பதிந்துவிடுங்கள்.

கோடையில் வகுப்பு இருக்காதுதான், ஆனால் எம்.எஸ்சி. மாணவருக்கு அது டிசர்டேஷன் (ஆய்வேடு) எழுதும் காலம், லீவு இல்லை. அப்போதும் மாணவர் விசாவின் வாரத்துக்கு 20 மணி நேர வேலை வரம்பு உண்டு. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு கணக்கு. இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16 என்று சராசரி பார்க்க மாட்டார்கள்.