ஏஐ சைடு ப்ராஜெக்டுக்குக் கூட்டு சேர்ப்பது எப்படி?

என் முதல் ஏஐ ப்ராஜெக்டுக்கு ஒரே நாளில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். சாட் குழு தொடங்கி, பெயர் வைத்து, லோகோகூடப் போட்டாயிற்று. மூன்றாவது வாரம் அந்தக் குழுவில் காலை வணக்கம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. தப்பு என்னுடையது. "வாருங்கள், ஏதாவது செய்யலாம்" என்று கூப்பிட்டேன். வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் பின்பற்றும் முறை இது. உதாரணத்துக்கு, குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்லும் ஒரு சின்னச் செயலியை எடுத்துக்கொள்வோம்.

படி 1: தத்தித் தத்தியாவது ஓடட்டும்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று, தான் உருவாக்கிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றி முதலில் எழுதியபோது, அதன்மேல் பாஷ், ஜிசிசி என்ற இரண்டு மென்பொருள்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அப்போதிருந்த மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்றுதான் அவர் மற்றவர்களைக் கேட்டார். கையில் ஒன்று இருந்ததால் பேச்சும் தொடங்கியது.

நீங்களும் ஐந்து பறவைகளோடு தொடங்கலாம். பிரௌசரிலேயே நிரல் எழுதி ஓட்டும் கூகுள் கோலாபில், மாடலைப் பழக்கத் தேவையான வேகமான சிப்பான ஜிபியு ஓரளவுக்கு இலவசமாகவே கிடைக்கும். ஒலியை ஸ்பெக்ட்ரோகிராம் படமாக (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் படம்) மாற்றினால், படங்களை வகைப்படுத்தும் சாதாரண மாடலே போதும். அதை கிரேடியோ என்ற கருவியால் ஒரு வலைப் பக்கமாக்கி, ஏஐ டெமோக்களைப் போடும் ஹக்கிங் ஃபேஸ் ஸ்பேசஸ் தளத்தில் ஏற்றிவிடுங்கள். தப்பாகச் சொன்னால் பரவாயில்லை. எங்கே தப்புகிறது என்று குறித்து வையுங்கள். உங்களுக்கு ஆள் தேவைப்படும் இடமே அதுதான்.

படி 2: யார் வேண்டும் என்பதற்கு முன், எந்த வேலைக்கு?

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இன்னொரு புரோகிராமரைத்தான் தேடுகிறார்கள். பறவைச் செயலிக்கு முதலில் வேண்டியவர் பறவை பார்க்கிறவர். ஒரே பறவை இணையைக் கூப்பிடும் குரலும் எச்சரிக்கைக் குரலும் வேறு வேறு என்பது அவருக்குத் தெரியும்; உங்கள் நிரலுக்குத் தெரியாது. மருத்துவம், சட்டம், மொழி என்று எந்தத் துறை ஏஐக்கும் இது பொருந்தும். அவருக்குப் பைத்தான் தெரிய வேண்டியதில்லை. ஒரு விரிதாளும் ஹெட்போனும் போதும்.

படி 3: அழைப்பை எழுதுங்கள்

இப்படி இருக்கலாம்:

"பறவைக் குரலை அடையாளம் காணும் மாடல் ஒன்று செய்கிறேன். 5 இனங்களுக்கு ஓரளவு சரியாகச் சொல்கிறது. மழைச் சத்தம் கலந்தால் தடுமாறுகிறது. ஒலிப்பதிவில் இரைச்சலைக் குறைத்துப் பழகிய ஒருவர் தேவை. வாரம் 3 மணி நேரம், 4 வாரம். பணம் கிடையாது; உங்கள் பெயர் ப்ராஜெக்டில் இருக்கும்."

"பணம் கிடையாது" என்பதை விட்டுவிடாதீர்கள். அதை மூன்றாவது வாரம் சொல்வது சங்கடம்.

"பேர்ட்நெட் ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். (பேர்ட்நெட்டும் குரலைக் கேட்டுப் பறவையைச் சொல்வதுதான்.) கோபப்பட வேண்டாம், அவர்தான் விஷயம் தெரிந்தவர். பதிலை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

படி 4: ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் சிறிய வேலைகளைத் தனித்தனி இஷ்யூவாகப் (வேலைக் குறிப்பாகப்) போட்டு, புதியவருக்கு ஏற்ற வேலை என்று காட்டும் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" லேபிள் ஒட்டுங்கள். டேட்டா, ஏஐ போட்டிகள் நடக்கும் காகிள் தளத்தில் போட்டிகளுக்குக் குழு சேர்க்கிறார்கள். பறவைக் குரலுக்கென்றே அங்கே பேர்ட்கிளெஃப் போட்டி உண்டு. எனக்கு அதிகம் பலித்தது வேறு வழி: இன்னொருவரின் ப்ராஜெக்டில் ஒரு சின்னப் பிழையைத் திருத்திக் கொடுப்பது. நம் வேலையைப் பார்த்தவர் நாம் கூப்பிடும்போது யோசித்தாவது பார்ப்பார்.

படி 5: ஒரு வாரம் சேர்ந்து வேலை செய்து பாருங்கள்

நேர்காணல் எல்லாம் வேண்டாம். ஒரே 50 ஒலித்துண்டுகளை இருவரும் தனித்தனியாகக் கேட்டு லேபிள் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள். எங்கெங்கே முரண்படுகிறீர்கள் என்பது டேட்டாவின் குழப்பத்தைக் காட்டும். அந்த முரண்பாட்டை எப்படிப் பேசித் தீர்க்கிறீர்கள் என்பதில் ஆளைப் பற்றியும் நிறையத் தெரியும். சொன்ன நாளில் முடிக்காவிட்டாலும் "முடியவில்லை, இரண்டு நாள் கொடுங்கள்" என்று சொல்கிறவரை நான் தயங்காமல் சேர்த்துக்கொள்வேன்.

படி 6: எழுதி வைக்க வேண்டியவை

லைசென்ஸ் முதலில். நிரலைப் பொதுவில் போட்டுவிட்டு லைசென்ஸ் வைக்காவிட்டால், வழக்கமான பதிப்புரிமைதான் பொருந்தும். பார்ப்பவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்த உரிமை கிடையாது. யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0 லைசென்ஸ் போதும். டேட்டாவுக்கும் தனி லைசென்ஸ் உண்டு. பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கும் ஸீனோ-கான்டோ தளத்தில் இருக்கும் பல பதிவுகளை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. பின்னால் செயலியை விற்கலாம் என்று உங்களில் ஒருவருக்கு நினைப்பிருந்தால், அதை இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம் ஏபிஐ சாவி, அதாவது வெளிச் சேவைகளை நம் நிரலிலிருந்து பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு. ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள், நிரலுக்குள் எழுதாதீர்கள். தவறிப்போய்ப் பொதுவில் ஏறிவிட்டால் அந்த வரியை அழிப்பது மட்டும் போதாது, மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். சாவியையே ரத்து செய்ய வேண்டும்.

நான்கு வாரம் முடிந்ததும் "தொடர்கிறீர்களா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சரி. தான் செய்ததையும் பாதியில் நிற்பதையும் அரைப் பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடுத்து வருபவருக்கு முதலில் அனுப்ப வேண்டியது அந்த அரைப் பக்கம்தான்.