சிகரெட் வரிச் செய்தியைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

செய்தி மேசையில் வணிகப் பக்கம் பார்ப்பவன் நான். வளரும் நாடு ஒன்று சிகரெட் வரியை உயர்த்தப் போகிறது என்று செய்தி கசிந்தாலே போதும், சிகரெட் நிறுவனங்களும் அவற்றின் பக்கம் பேசும் அமைப்புகளும் அனுப்பும் அறிக்கைகள் வந்து குவியும். கடத்தல் பெருகும், விவசாயி நடுத்தெருவுக்கு வருவார், வழக்கு பாயும் என்று மூன்று பாட்டுதான். புதிதாகச் சேரும் நிருபர்களிடம் நான் சொல்வது: அறிக்கையைக் குப்பையில் போடவும் வேண்டாம், அப்படியே அச்சுக்கு அனுப்பவும் வேண்டாம்.

முதலில் வரிக் கணக்கு. 'வரி 20% உயர்வு' என்று தலைப்பு வைத்தால் வாசகருக்கு ஒன்றும் புரியாது. ஒரு பாக்கெட்டின் விலை 100, அதில் கலால் வரி 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 20% ஏறினால் 48. மொத்தச் சுமையும் விலையில் ஏறினாலும் பாக்கெட் 108தான். அதே ஆண்டில் மக்களின் வருமானம் 10% கூடியிருந்தால்? சிகரெட் முன்பைவிடக் கைக்கு எட்டுகிறது என்றுதானே அர்த்தம். அதனால் சில்லறை விலையில் வரியின் பங்கு எவ்வளவு, வருமானம் எவ்வளவு கூடியது என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

அப்புறம், வரி எத்தனை அடுக்காக இருக்கிறது, அதாவது விலை குறைந்த சிகரெட்டுக்கு ஒரு விகிதம், கூடியதற்கு இன்னொரு விகிதம் என்று எத்தனை விகிதம் இருக்கிறது என்று பாருங்கள். அடுக்குகள் அதிகம் இருந்தால், விலை ஏறியதும் புகைப்பவர் விடுவதில்லை. ஒரு படி இறங்கி மலிவான பிராண்டுக்குப் போய்விடுவார். பிலிப்பைன்ஸ் 2012-ல் கொண்டுவந்த சட்டம் அடுக்குகளை முதலில் இரண்டாகக் குறைத்து, 2017-ல் ஒரே விகிதமாக்கியது. கூடுதலாக வந்த வரிப் பணத்தின் பெரும்பகுதி சுகாதாரத்துக்குப் போனது. என்னைக் கேட்டால், விகிதத்தைவிட இந்த அடுக்கு விஷயம்தான் பெரிய செய்தி. நிருபர்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

கடத்தல் புள்ளிவிவரம் வந்தால், ஆய்வுக்குக் காசு கொடுத்தது யார் என்று கேளுங்கள். வீசியெறிந்த காலிப் பாக்கெட்டுகளைப் பொறுக்கி, அதில் கடத்தல் சரக்கு எத்தனை என்று எண்ணியிருந்தால், எந்த ஊர்களில் பொறுக்கினார்கள்? எல்லையோர ஊர்களை மட்டும் எண்ணினால் சதவீதம் எகிறும். 2008-ல் கனடாவில் இரண்டு பெரிய சிகரெட் நிறுவனங்களே கடத்தல் தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டின என்பது நினைவிருக்கட்டும். சட்டவிரோத வணிகத்தை ஒழிப்பதற்கான சர்வதேச நெறிமுறை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த நாடு அதில் சேர்ந்திருக்கிறதா? பாக்கெட்டைத் தொழிற்சாலையிலிருந்து கடை வரை தடம் பிடிக்க வழி வைத்திருக்கிறதா?

விவசாயி வாதம் மனதைத் தொடும். அதனாலேயே கவனமாகப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்க நாடான மலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விளையும் புகையிலையில் பெரும்பகுதி ஏற்றுமதிதான். உள்ளூர் சிகரெட்டுக்கு வரி ஏறினால் அந்த விவசாயிக்கு என்ன வந்துவிடப் போகிறது? அவரது வருமானத்தை முடிவு செய்வது இலையைத் தரம் பிரித்து விலை வைக்கும் வணிகர்கள். விதை, உரத்தைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் கழித்துக்கொள்ளும் ஒப்பந்த முறையும் உண்டு. அந்தக் கடன் கணக்கு அறிக்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வழக்கு மிரட்டலுக்கு உருகுவே உதாரணம் கைவசம் இருக்கட்டும். பாக்கெட்டில் 80% எச்சரிக்கைப் படம், ஒரு பிராண்டில் ஒரே வகைதான் விற்கலாம் என்ற விதிகளை எதிர்த்து, சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் 2010-ல் நாடுகளுக்கிடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. 2016-ல் உருகுவே வென்றது. ஆனால் ஆறு ஆண்டு வழக்கை இழுக்கச் சிறிய நாடு எல்லாவற்றுக்கும் முடியுமா? மிரட்டலின் பலம் அங்கேதான், அதையும் எழுதுங்கள்.

கடைசியாக, அறிக்கையில் 'விவசாயிகள் சங்கம்', 'நுகர்வோர் அமைப்பு' என்று பெயர் இருந்தால் நிதி எங்கிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், கேட்டோம், சொல்லவில்லை என்று செய்தியிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.