பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் கியர் ஆயிலைப் பாருங்கள்

மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பார்களா, மாட்டார்களா என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கினால், எங்கள் நீடாமங்கலம் பக்கத்தில் கூடவே இன்னொரு பேச்சும் தொடங்கிவிடும்: "இந்த வருசமாவது ஒரு பழைய வண்டி எடுத்துடலாமா?" நானும் அப்படித்தான் எடுத்தேன். சிவப்பு பெயின்ட், புது சீட், புது ஸ்டிக்கர். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மெக்கானிக் வந்து, பின்பக்க ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். டீ வந்தது. அதாவது, பால் கூடுதலாக ஊற்றிய டீ நிறத்தில் ஆயில். "பெயின்ட்டையா தம்பி உழவுக்கு விடப்போற?" என்று கேட்டுவிட்டு பீடி பற்றவைத்தார்.

புழுதியில் உழுகிற ஊர்களில் வண்டியை ஓடிய மணிக்கணக்கை வைத்து எடை போடலாம். டெல்டாவில் அது போதாது. 3,000 மணி நேரம் மேட்டு நிலத்தில் ஓடிய வண்டியைவிட 1,000 மணி நேரம் கேஜ் வீல் (சேற்றில் உழப் போடும் இரும்புச் சக்கரம்) போட்டுச் சேறு அடித்த வண்டி மோசமாக இருக்கலாம். மணி காட்டும் மீட்டரை மாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. எனவே புதிதாக வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எங்கெல்லாம் உள்ளே போயிருக்கிறது?

படி 1: தேவையா, எப்போது, எந்த வண்டி

நான்கைந்து ஏக்கர்தான் இருக்கிறது, வாடகை உழவுக்கும் போகமாட்டேன் என்றால் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வேளாண்மைப் பொறியியல் துறையே இ-வாடகை என்ற ஆன்லைன் பதிவு மூலம் டிராக்டரை வாடகைக்குத் தருகிறது. முதலில் அதைப் பாருங்கள்.

வாங்குவதென்றால் மே, ஜூனில் வாங்காதீர்கள். எல்லோருக்கும் உழவு அவசரம். விற்கிறவர் இறங்கி வரமாட்டார். சம்பா அறுவடை முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் தேடினால் பேரம் பேசவும் முடியும், கோடையில் ஆற அமரப் பிரித்து வேலை பார்க்கவும் முடியும்.

எங்கள் களிமண் சேற்றுக்குக் கனமான வண்டி வசதிப்படாது, இறங்கிவிடும். மாஸி பெர்குசன் 1035 மாதிரி மூன்று சிலிண்டர், 36 எச்.பி. வண்டிகள் இங்கே இன்னும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் இருப்பது சிம்ப்சன் இன்ஜின். உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை, பிரிக்கத் தெரிந்த கையும் உண்டு. டிரெய்லர் இழுப்பதும் ரோட்டவேட்டர் ஓட்டுவதும்தான் முக்கிய வேலை என்றால் மகிந்திரா 575 போன்ற நான்கு சிலிண்டர் வண்டிகளைப் பார்க்கலாம். எச்.எம்.டி. வண்டி சல்லிசாகக் கிடைக்கும், நல்ல இரும்பும்கூட. ஆனால் அந்த டிராக்டர் ஆலையை மூட மத்திய அரசு 2016-லேயே முடிவெடுத்துவிட்டது. பாகத்துக்குப் பழைய இரும்புக் கடையை நம்பத் தயாரென்றால் மட்டும் வாங்குங்கள். எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் ஊர் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிக்கத் தெரிந்த வண்டி.

படி 2: காலையில் போங்கள், சொல்லாமல் போங்கள்

முன்கூட்டியே சொன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருப்பார்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, ஆறும்வரை காத்திருங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன்பே செய்ய வேண்டிய சோதனை, எனக்குத் தெரியாமல் போன அந்தச் சோதனைதான். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் மேலே உள்ள ஆயில்தான் தெரியும். தண்ணீர் கனமானது, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது அடியில் தங்கியிருக்கும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கியர் பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் அடியில் இருக்கிற டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம், சொட்டு விழுந்தால் போதும். முதல் சொட்டுகள் தண்ணீராக வந்தாலோ, பால் கலந்த மாதிரி வந்தாலோ, சேறு உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். மாஸி போன்ற வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப்பும் இதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கிறது. ஆகவே பேரிங்கோடு, கலப்பையைத் தூக்கும் லிப்ட்டும் சேர்ந்து போகும். அவர் பிளக்கைத் தொடவே விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் பராமரிப்புக்கும் உதவும். மூன்று மணி நேரம் சேறு அடித்த பின் ஆக்சில் நன்றாகச் சூடாகியிருக்கும். சாப்பாட்டுக்காக வண்டியை வயலிலேயே நிறுத்துகிறோம். சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர். உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும்போது, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாகச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. காற்று போய்வர வைத்திருக்கும் பிரீதர் துளையும் மண்ணடைத்துக் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்து, கிளட்ச் இருக்கிற பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளை, அதில் ஒரு ஸ்ப்ளிட் பின் தொங்கும். அதில் ஆயில் கசிந்தால் இன்ஜின் பின் சீலோ கியர் பாக்ஸ் முன் சீலோ போயிருக்கிறது. சீல் விலை கொஞ்சம்தான். ஆனால் அதைத் தொட வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் வரும் வெள்ளைப் புகை சூடானதும் நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சுமை இல்லாமலே கரும்புகை வந்தால் டீசலைத் தெளிக்கும் நாசிலோ, டீசல் பம்ப்போ, ஏர் கிளீனரோ கவனிப்புக் கேட்கிறது. அப்புறம், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் லைனர், பிஸ்டன் தேய்ந்து எரிகாற்று கீழே இறங்குகிறது. மெக்கானிக்குகள் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அப்படியானால் இன்ஜின் வேலைக்கான செலவை விலையில் கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டித் தூக்கச் சொல்லுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தொப்பென்று இறங்கினால் லிப்ட்டில் கசிவு. முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்றால் கிங் பின், புஷ், பேரிங் எதுவோ தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் கியர் தானாக நழுவுகிறதா, இரண்டு பிரேக்கும் ஒரே அளவு பிடிக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். டயரை வெடிப்புக்காகப் பாருங்கள். பின் டயர் இரண்டும் மாற்றும் செலவு புதியவர்களைத் திகைக்க வைக்கும்.

படி 3: காகிதம்

இது சலிப்பான பகுதி. ஆனால் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகாவிட்டால், வண்டி தங்கமாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி அதை நீக்கவேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். "பேர் மாத்தாம சும்மா ஓட்டுங்க, யாரு கேக்கப்போறா" என்பார்கள். விபத்து நடக்கும் அன்று கேட்பார்கள். மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம்.

படி 4: வீட்டுக்கு வந்ததும் செய்யும் வேலைகள்

முந்தைய உரிமையாளர் "போன மாசம்தான் ஆயில் மாத்தினேன்" என்று சொல்லியிருப்பார். நம்ப வேண்டாம். இன்ஜின் ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர் எல்லாவற்றையும் மாற்றி, தேதியையும் மீட்டர் கணக்கையும் சுவரில் எழுதுங்கள். அன்றுதான் உங்கள் கணக்கு தொடங்குகிறது. அதற்குமேல் 250 மணிக்கு ஒருமுறை மாற்றினால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். சரியான ஆயில் ரகத்தை வண்டிப் புத்தகத்தில் பாருங்கள்.

கியர் ஆயிலில் தண்ணீர் இருந்தால் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண் செலவு. முதலில் ஆக்சில் சீலை மாற்றி, பிரீதரைச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். புது ஆயில் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஓட்டி மறுபடி பாருங்கள். இன்னும் கலங்கலாக இருந்தால் அதையும் இறக்க வேண்டியதுதான். நான் இரண்டு முறை இறக்கினேன். வயிறு எரிந்தது.

டீசல் பில்டரை மாற்றியதும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. புதியவர்கள் இங்கேதான் பயந்துபோய் மெக்கானிக்குக்கு போன் செய்கிறார்கள். ஏர் லாக்தான், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்திருக்கிறது, நீங்களே எடுக்கலாம். டேங்கில் டீசல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள், எனக்கு நடந்திருக்கிறது). பில்டர் மேலே இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசலைத் தள்ளும் பீட் பம்ப்பின் கை நெம்பை அடியுங்கள். நெம்பு பிடிமானமே இல்லாமல் ஆடினால் உள்ளே கேம் தூக்கிய நிலையில் நிற்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். நுரையாக வந்து, பிறகு குமிழி இல்லாமல் டீசல் வந்ததும், நெம்பை அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் ஏர் ஸ்க்ரூவில் அதே வேலை. அப்படியும் கிளம்பாவிட்டால் நாசிலுக்குப் போகும் பைப்புகளின் நட்டைத் தளர்த்தி, ஒருவரை செல்ப் அடிக்கச் சொல்லுங்கள்; டீசல் துளித்ததும் இறுக்குங்கள். அந்த இடத்தில் கையை வைத்துக் கசிவு தேடக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கிளட்ச் பெடலில் ஆட்டம், பேன் பெல்ட், கிரீஸ், பேட்டரி முனை, இவையும் உங்கள் கைக்குள் அடங்கும் வேலைகள்தான். இன்ஜெக்ஷன் பம்ப்பைத் திறப்பதும், பின் ஆக்சிலுக்குள் இருக்கிற கிரவுன் பினியனைத் தொடுவதும் வேண்டாம். பம்ப்பை அதற்கென்று டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் கடைக்குக் கழற்றி அனுப்புங்கள்.

இன்னொன்று. வண்டிக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை கொடுங்கள், கலப்பையைத் தரையில் இறக்கிவிடுங்கள். பி.டி.ஓ. (ரோட்டவேட்டர் போன்றவற்றைச் சுற்ற வைக்கும் பின்பக்கத் தண்டு) ஓடும்போது வேட்டி, லுங்கி, துண்டு எதுவும் கிட்டே போகக்கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் தண்டு அது. துணி சிக்கினால் ஆள் கத்தக்கூட நேரம் இருக்காது. சேற்றில் புதைந்தால் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கப் பார்க்காதீர்கள். சக்கரம் சுற்ற முடியாதபோது வண்டியின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும். இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள்.

படி 5: பருவத்தோடு பராமரிப்பு

குறுவைச் சேற்றின்போது: வண்டியை வயலில் நிறுத்தாதீர்கள். சாப்பாட்டுக்கும் சரி, ராத்திரிக்கும் சரி, மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். மாலையில் ஆக்சிலையும் பிரேக்கையும் சுற்றிக் கழுவி, அன்றன்றே கிரீஸ் அடியுங்கள். புது கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்தால்தான் உள்ளே போன சேறு வெளியே வரும். ஆக்சில் தண்டில் வைக்கோலும் பிளாஸ்டிக்கும் சுற்றிக்கொண்டு சீலைக் கிழிக்கும். கத்தி வைத்து அறுத்தெடுங்கள்.

அறுவடைக் காலத்தில் எதிரி மாறிவிடுகிறது, தூசி. ஆயில் ஊற்றும் வகை ஏர் கிளீனர் என்றால் தினமும் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். கோடு வரைதான் ஆயில். கூடுதலாக ஊற்றினால் இன்ஜின் அதை இழுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் ஓடும். ரேடியேட்டர் முகப்பில் ஒட்டிய வைக்கோல் தூளைத் தட்டிவிடுங்கள். வேதாரண்யம், தலைஞாயிறு மாதிரி கடைமடைப் பக்கத்து ஆட்கள் உப்பான போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்ற வேண்டாம். உள்ளே உப்புப் படிந்து அடைத்துவிடும். கூலன்ட் ஊற்றுங்கள்.

கோடையில் வண்டி சும்மா நிற்கும்போது டேங்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்கில் ஈரம் வியர்த்துத் தண்ணீராகி டீசலில் இறங்கும். பேட்டரி முனையைக் கழற்றுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அறுவடை முடிந்தால் வயல் எலிக்கு வீடு தேவை. என் வண்டியில் செல்ப் ஒயரையும் லைட் ஒயரையும் தின்றுவிட்டு டூல் பாக்ஸில் குட்டி போட்டிருந்தது.

மே கடைசியில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் டிரெயின் பிளக்கைக் காலையில் மறுபடி தளர்த்திப் பாருங்கள். சுத்தமான ஆயில் வந்தால் இறுக்கிவிட்டுக் கேஜ் வீலை மாட்டலாம். தண்ணீர் வந்தால், சீல் மாற்ற வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை நேரம் இருக்கிறது.